முகப்பில் ஓர் அப்பத்தா: செட்டிநாட்டு வீடு ஒன்றின் எண்ணெய் வண்ண உருவப்படம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் ஓர் ஊர். அங்கே பங்காளிகள் நால்வருக்குப் பொதுவான பெரிய வீடு ஒன்று இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும். திருமணம், சாந்தி (மணிவிழா), படைப்பு (முன்னோருக்குப் படைத்து வணங்கும் வழிபாடு) என்று ஏதாவது வந்தால்தான் எல்லாக் கட்டுகளும் திறக்கும். முகப்புச் சுவரில், தலைக்கு மேலே, முன்பக்கம் சாய்த்து மாட்டிய படங்கள் வரிசையாக இருக்கின்றன. கோட்டும் தலைப்பாகையுமாக மூன்று தலைமுறை ஆண்கள். அவர்களுக்கு இடையிடையே கண்ணாடிச் சட்டத்துக்குள் ரவி வர்மா அச்சுப்படங்கள். அந்த வீட்டுப் பெண்களில் ஒருவர்கூட அந்தச் சுவரில் இல்லை.

பேரப்பிள்ளைகள் கூடிப் பேசி, தங்கள் அப்பத்தாவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டச் சொல்லி, மாசியில் வரும் படைப்புக்குள் முகப்பில் மாட்டிவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஐயா பர்மாவில் கொண்டுவிற்கப் போயிருந்த ஆண்டுகளில் வீட்டையும் வரவு செலவையும் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகக் கட்டிக்காத்தவர் அந்த அப்பத்தா. 1976-இல், ஐயா உயிரோடு இருக்கும்போதே, சுமங்கலியாகக் காலமானார். இந்த ஒரு செய்தி பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படையாக அமைந்தது என்பதால் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

வேலையை ஏற்றவர் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்த இளம் பெண் ஓவியர். உருவப்படம் தீட்டக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் என்னிடம் ஆலோசனை கேட்டார். தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து பார்த்தேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடும் ஓவியரின் சம்மதத்தோடும் இதைப் பதிவு செய்கிறேன். இறந்தவர்களின் படத்தைப் புகைப்படத்திலிருந்து தீட்டித் தரச் சொல்லி நம் பக்கத்து ஓவியர்களிடம் வருகிறவர்கள் பலர். அந்த வேலையில் எங்கெங்கே கவனம் வேண்டும் என்பதை இந்த ஒரு நிகழ்வு நன்றாகவே காட்டுகிறது.

கையில் இருந்த இரண்டு புகைப்படங்கள்

குடும்பத்திடம் இருந்தவை இரண்டே படங்கள். முதலாவது, அவருக்கு இருபது வயதிருக்கும்போது ஸ்டூடியோவில் எடுத்தது. உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் படம். ஓரங்களில் வெள்ளி பூத்துப் பளபளத்தது. இரண்டாவது, 1970-களின் தொடக்கத்தில் ஒரு திருமணத்தில் எடுத்த கூட்டுப்படம். அதில் அவர் வரிசையின் கடைசியில் நிற்கிறார்; முகம் விரல் நகத்தளவுதான். குடும்பத்தார் விரும்பியதோ ஐம்பது வயது அப்பத்தாவை. அந்த வயதில் எடுத்த படம் எதுவும் இல்லை.

ஓவியர் இரண்டையும் ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தார். ஸ்டூடியோ படத்தில் நெற்றிக் குங்குமம் மை வைத்தது போலக் கன்னங்கரேலென்று இருந்தது. உதடும் அப்படியே. அரக்குக் கரை என்று வீட்டார் உறுதியாகச் சொன்ன சேலையின் கரையும் கறுப்பு. அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த ஆர்த்தோகுரோமாடிக் பிலிம் நீலத்தையும் பச்சையையும் மட்டுமே உணரும். சிவப்பு அதன் கண்ணில் படாது. இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டு அந்த பிலிமைக் கழுவ முடிந்ததும் அதனால்தான். நம் தோலின் பழுப்பு நிறத்தில் சிவப்பே மேலோங்கி இருப்பதால், அந்த பிலிமில் தோல் உண்மையைவிடக் கறுத்து விழும்.

கறுத்து விழுந்ததை ஸ்டூடியோக்காரர்கள் அப்படியே விட்டுவிடவில்லை. நெகட்டிவின் மேல் கூர்மையான பென்சிலால் நுணுக்கமாகத் தீற்றினால் அந்த இடம் அச்சில் வெளுப்பாக வரும். இந்தப் படத்திலும் நெற்றியிலும் கன்னத்திலும் அந்தத் தீற்றல் தெரிந்தது. பெரிதாக்கிய திரையில் சிறு சிறு வளைகோடுகளாக எண்ணிவிடலாம் போல இருந்தது. மேல் இமையின் விளிம்பும் கைக்கோடுதான். ஆக, பிலிம் கறுக்கச் செய்த முகத்தைப் பென்சில் வெளுக்கச் செய்திருந்தது. அந்த அம்மாளின் நிறம் என்னவென்று அந்தப் படத்திலிருந்து அறிய வழியே இல்லை.

கூட்டுப்படத்தில் வேறு சிக்கல். அகலக் கோண லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் பக்கவாட்டில் இழுபட்டு அகலமாகிவிடும். பிளாஷ் வெளிச்சம் நேர் எதிரே விழுந்ததால் மூக்கின் நிழல், கன்னத்தின் குழிவு எதுவும் பதியவில்லை. இளம் வயதுப் படத்தில் நீள்வட்ட முகம், கூட்டுப்படத்தில் வட்ட முகம். இரண்டும் ஒருவரா என்று கேட்கத் தோன்றும்.

பார்த்து எழுதுவதற்கு முன் கேட்டு எழுதியது

இந்த இடத்தில் ஓவியர் எடுத்த முடிவைத்தான் இந்த வேலையின் சிறந்த முடிவாக நான் கருதுகிறேன். அப்பத்தாவை நேரில் அறிந்தவர்கள் யார் யார் என்று முதலில் விசாரித்தார். படத்துக்காகப் பணம் போட்ட பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர் காலமான பிறகு பிறந்தவர்கள், அல்லது அப்போது கைக்குழந்தைகள். அவர்கள் நினைவில் இருந்தது சாமி அறைக்கு வெளியே மாட்டியிருந்த அந்த ஸ்டூடியோ படம்தான், அப்பத்தா அல்ல. நேரில் பழகியவர்கள் மூவர் இருந்தார்கள். எண்பத்து நான்கு வயதான மூத்த மகள். எழுபதைத் தாண்டிய மருமகள். சிறுவனாக அடுப்படி வேலைக்கு வந்து அந்த வீட்டிலேயே முதுமை அடைந்த சமையல்காரர்.

மூவரையும் தனித்தனியாகச் சந்தித்தார். புகைப்படத்தைக் காட்டாமலேயே பேசச் சொன்னார். படத்தை முதலில் காட்டிவிட்டால் நினைவு அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பிறகு எதைக் கேட்டாலும் படத்தில் இருப்பதையே சொல்வார்கள். ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் வயதில் மூத்தவர் சொன்னதை மற்றவர்கள் மறுக்கமாட்டார்கள்.

மூத்த மகளை எல்லோரும் ஆச்சி என்றே அழைப்பார்கள். ஓவியரும் அப்படியே அழைத்தார். “ஆச்சி, அவர்கள் உங்களைப் பார்த்துப் பேசும்போது முகம் எப்படி இருக்கும்?” என்பதுதான் முதல் கேள்வி. ஆச்சி சற்று யோசித்துவிட்டு, “ஆத்தாவுக்கு இடது காது மந்தம். யார் பேசினாலும் வலது காதைக் கொடுத்துத்தான் கேட்பாள்” என்றார். தலையை லேசாகத் திருப்பிக் காட்டியும் விட்டார். மருமகள் சொன்னது இடது மேல் இமை பற்றி: அது சற்றுத் தாழ்ந்திருக்குமாம், களைப்பான நாளில் இன்னும் தாழுமாம். சமையல்காரர் முகத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. வெற்றிலைச் சிவப்பு உதட்டின் நடுவில்தான் இருக்கும், ஓரத்துக்கு வராது என்றார். கனத்த வைரத்தோட்டால் காதின் துளை நீண்டு கீழே இறங்கியிருக்கும் என்றும், அடுப்படிக்குள் வரும்போது தோட்டை ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொள்வார் என்றும் சொன்னார்.

இவற்றில் ஒன்றுகூட ஸ்டூடியோ படத்தில் இல்லை. தாழ்ந்த இமையைப் பென்சில் நிமிர்த்திவிட்டது. நேராகப் பார்க்கச் சொன்னதில் தலைத்திருப்பம் போய்விட்டது. ஆனால் கூட்டுப்படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, விரல் நகத்தளவு முகத்திலும் இடது இமைக்குக் கீழே கருவிழி சற்றுக் குறைவாகத் தெரிந்தது. சொன்னதும் கண்டதும் ஒத்துப்போன அந்த நேரத்தில் ஓவியரின் முகத்தில் வந்த தெளிவை நான் பார்த்தேன்.

வயதைக் கணக்கிட்ட முறையையும் சொல்ல வேண்டும். வளர்ந்தவர்களுக்கு இரு கண்களுக்கும் இடையே உள்ள தூரம் மாறுவதில்லை. அதை அளவுகோலாக வைத்து இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். கூட்டுப்படத்தின் அகலத்தை, பக்கத்தில் நின்ற ஆச்சியின் முகத்தோடு ஒப்பிட்டுக் குறைத்தார். ஆச்சிக்கு அதே ஆண்டுகளில் எடுத்த வேறு நல்ல படங்கள் இருந்தன. எலும்பின் அமைப்பை இளம் வயதுப் படத்திலிருந்தும், இமை, தாடை, காதுமடல் ஆகிய தளரும் இடங்களைக் கூட்டுப்படத்திலிருந்தும் எடுத்துக்கொண்டு கரிக்கோலால் மூன்று சிறு வரைவுகள் போட்டார். மூவரிடமும் தனித்தனியாகக் காட்டியபோது மூவருமே ஒரே வரைவைக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கான்வாஸில் கை வைத்தார்.

நிறம் குறித்த கருத்து வேறுபாடு

சென்னையில் இருக்கும் மூத்த பேரன் ஓர் எதிர்பார்ப்போடு இருந்தார். முகப்பில் இருக்கும் ரவி வர்மா படத்து லட்சுமியைப் போல, பொன்னிறமும் ரோஜாச் சாயலுமாக அப்பத்தா வர வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறான எண்ணம் ஏதும் இல்லை. ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அந்த அச்சுப்படங்கள் நாடெங்கும் பரவின; செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் சுவர் சுவராக இருக்கின்றன. ‘ஆயில் பெயின்டிங்’ என்றாலே அந்த நிறம்தான் என்று பல தலைமுறைகளின் கண் பழகிவிட்டது. கல்லில் ஒவ்வொரு நிறமாக அச்சிட்டு, மேலே வார்னிஷ் பூசி எண்ணெய் வண்ணம் போலத் தோன்றச் செய்தவை அவை. தேவியைத் தீட்டிய நிறத்தை ஒரு வீட்டு மனுஷிக்குப் போட்டால் அது யாருடைய படமாக இருக்கும்?

ஆச்சிக்கு இதில் சந்தேகமே இல்லை. “ஆத்தா மாநிறம். என் கையைப் பார், இதுதான் அவள் நிறம்” என்று முன்கையை நீட்டினார். ஓவியர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். வெள்ளை பூசிய சிறு அட்டைகளில் கலவைகளைத் தடவி, வளவில் (வீட்டின் நடுவே திறந்த முற்றத்தைச் சுற்றிய பகுதி) வெயில் நேராக விழாத இடத்தில் ஆச்சியை உட்காரவைத்து, கையின் உட்புறத்தோடு ஒவ்வொன்றையும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். மண்மஞ்சளான எல்லோ ஓக்கரும் செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவும் அடிப்படை. சிறிது காட்மியம் சிவப்பு. அடக்குவதற்கு அல்ட்ராமரின் நீலம் ஒரு துளி. கைக்கும் அட்டைக்கும் எல்லை தெரியாமல் போன கலவையின் பின்னால் தேதி போட்டு எடுத்து வைத்தார்.

பேரனிடம் இதை வாக்குவாதமாக எடுத்துச் செல்லவில்லை. அவர் ஊருக்கு வந்தபோது அதே அட்டையை வளவிலும் முகப்பிலும் மாறி மாறிப் பிடித்துக் காட்டினார். வளவில் இதமான பழுப்பாக இருந்த நிறம் முகப்பின் உள்சுவரில் இரண்டு படி இருண்டு தெரிந்தது. பேரனின் அச்சத்தில் பாதி நியாயம் இருந்தது அப்போதுதான் புரிந்தது: சரியான நிறத்தில் தீட்டினாலும் மாட்டும் இடத்தில் அது கறுத்துத்தான் தெரியும். எனவே நிறத்தை மாற்றாமல், ஒளிபடும் பகுதிகளின் வெளிச்சத்தை மட்டும் அரைப் படி உயர்த்துவது என்று முடிவாயிற்று. கடைசிக்கட்ட வேலை முழுவதையும் முகப்பின் வெளிச்சத்திலேயே செய்வது என்றும் தீர்மானித்தார்கள். பேரன் சம்மதித்தார். இறந்தவரை வெளுக்க வைத்துத் தீட்டும் வழக்கம் நம் பக்கத்தில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதைச் செய்ய மறுக்கும் துணிவு ஓவியருக்கு வேண்டும். மறுக்கும்போது கையில் சான்றும் வேண்டும்.

வெளிச்சத்துக்கு ஒருவர்

புகைப்படத்திலிருந்து வெளிச்சத்தை எடுக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டதால், அப்பத்தாவின் கன்ன எலும்பும் நெற்றியும் அப்படியே வாய்த்த ஒரு பேத்தியை வளவில் உட்காரச் சொன்னார். வயது ஐம்பத்து நான்கு. முக அடையாளம் எதையும் அவரிடமிருந்து எடுப்பதில்லை, ஒளியும் நிழலும் தோலின் தன்மையும் மட்டும்தான் என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள்.

வளவு வெளிச்சம் மேலிருந்து இறங்குவது. காலையில் அது அருமையாக இருந்தது. ஆனால் வெயில் ஏற ஏற, முற்றத்துத் தரையில் பட்ட ஒளி திரும்பி மேலே அடித்து, தாடைக்கடியிலும் மூக்குக்கு அடியிலும் மஞ்சளாக விழுந்தது. மேடை விளக்கில் நிற்பவர் முகம் போல ஆகிவிட்டது. அடர்நீல ஜமக்காளம் ஒன்றைக் கொண்டுவந்து முற்றத்து ஓரம் விரித்ததும் அந்த எதிரொளி அடங்கியது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை மட்டுமே அமர்வு. அதற்கு மேல் நிழலின் கோணம் மாறிவிடும்.

பழுப்புத் தோலைத் தீட்டுகிறவர்கள் இந்த அமர்வில் தெரிந்த ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் விழுந்த பளபளப்பில் தோலின் நிறமே இல்லை. அது வானத்தின் நிறம். வெள்ளையோடு ஓக்கரைக் கலந்து அங்கே வைத்தால் முகம் சாம்பல் பூத்துவிடும். ஓவியர் அந்த இடத்தில் வெள்ளை, அல்ட்ராமரின், மிகச் சிறிது ஓக்கர் சேர்த்த நீலச்சாம்பலை வைத்தார். தட்டில் பார்த்தால் ஈயம் போல இருந்த அந்தக் கலவை, சூடான பழுப்புக்கு நடுவே போய் உட்கார்ந்ததும் ஈரம் மின்னும் தோலாயிற்று. நிழலுக்குக் கறுப்பை எடுக்கவே இல்லை. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்த இருட்டில் சூடு இருக்கும். கறுப்பில் அது செத்துப்போகும்.

சட்டமும் எண்ணெயும்

முப்பதுக்கு இருபத்து நான்கு அங்குல அளவு. கான்வாஸை இழுத்துக் கட்டும் உட்சட்டத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றிலிருந்து பழைய தேக்கு வாங்கி, ஊர் ஆசாரியிடம் செய்தார்கள். பல பத்தாண்டு வெயிலும் மழையும் பார்த்த மரம் இனி முறுக்கிக்கொள்ளாது. துணி லினன். மழைக்காலத்தில் துணி தொய்ந்தால் இறுக்குவதற்கு மூலைகளில் ஆப்பு வைக்கப்பட்டது. ஐப்பசியில் அது தேவைப்பட்டது.

எண்ணெயைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. அதனால் மேலே தொட்டால் ஒட்டாத படம் உள்ளே பல மாதங்கள் இறுகிக்கொண்டே இருக்கும். அடியில் எண்ணெய் குறைந்த பூச்சு, மேலே போகப் போக எண்ணெய் கூடிய பூச்சு என்ற விதி அதற்காகத்தான். மாறிப்போனால் அடிப்பூச்சு நகரும்போது மேல்பூச்சு வெடிக்கும். முதல் வரைவையும் நிழல் திரட்சிகளையும் ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தில், டர்பன்டைன் என்ற கரைப்பானை மட்டும் சேர்த்து மெல்லிசாகப் போட்டார். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் காயும், அடிப்பூச்சுக்கு ஏற்றது.

இரண்டு யோசனைகள் குடும்பத்திலிருந்து வந்தன. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைச் சேர்த்தால் சீக்கிரம் காயுமே என்பது ஒன்று. கார்த்திகை மழையில் காய்வது தாமதமானபோது, மாடியில் வெயிலில் வைக்கலாமே என்பது மற்றொன்று. இரண்டையும் ஓவியர் ஏற்கவில்லை. அந்த எண்ணெயில் உலோக உலர்த்திகள் சேர்ந்திருக்கும். மேல்தோல் முதலில் இறுகி அடியில் குழைவாகவே இருந்து சுருக்கம் விழும், நாளாக நாளாகக் கறுக்கவும் செய்யும். மொட்டைமாடி வெயிலில் துணியும் மரமும் வேறு வேறு வேகத்தில் அசையும். ஜன்னல் திறந்த, வெளிச்சமும் காற்றும் உள்ள மாடி அறையே போதும் என்று வைத்துக் காத்திருந்தார்.

முகத்தைத் தீட்டிய வரிசையை விவரிக்கப் போவதில்லை. எல்லா ஓவியர்களும் செய்வதுதான். இமையை மட்டும் சொல்கிறேன். இடது மேல் இமையை அவர் கோடாகப் போடவில்லை. இமையின் கனம், அதன் அடியில் விழிமேல் விழும் நிழல், நிழலுக்குள் மங்கிப்போகும் கருவிழியின் மேல்விளிம்பு ஆகிய மூன்றையும் மூன்று தட்டையான தீற்றல்களாக, ஈரம் காயுமுன் வைத்தார். வலது கண்ணில் வைத்த ஒளிப்புள்ளியை இடது கண்ணில் மிகவும் அடக்கி வைத்தார். அதுவரை எங்கோ பார்த்துக்கொண்டிருந்த முகம் நாம் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தது. தை மாதம் ஆச்சி வந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “காது கேட்காதது தெரிகிறது” என்றார்.

படைப்பன்று

படம் மாசியில் முகப்பில் ஏறியது. கடைசிப் பூச்சு போட்டு ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது. இறுதி வார்னிஷ் பூசவில்லை. இறுகாத வண்ணத்தின் மேல் வார்னிஷ் பூசினால் அது வண்ணத்தோடு கலந்துவிடும், பின்னால் அதை மட்டும் தனியே எடுக்க முடியாது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருக்க வேண்டும். மங்கிப்போயிருந்த இருண்ட பகுதிகளில் மட்டும் மெல்லிசாக எண்ணெய் தடவி ஒற்றி எடுத்திருந்தார். படத்தைத் தொட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லியும் இருந்தார்.

அன்று காலை, குடும்பத்தில் மூத்த பெண்மணி ஒருவர், மரபுப்படி சுமங்கலியாகப் போனவருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வணங்கினார். மற்றப் படங்களுக்கெல்லாம் கண்ணாடி மேல் வைத்ததைப் போல, இந்தப் படத்துக்கும் நெற்றியில் வைத்தார். சந்தனத்தைக் குழைத்து ஒரு பொட்டு, அதன் மேல் ஈரக் குங்குமம். படத்துக்குக் கீழே குத்துவிளக்கு வைத்து மாலையும் போட்டார்கள்.

அவர் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. அந்த வீட்டில் முன்னோர் படம் என்பது வணங்குவதற்கு உரியது. குங்குமம் வைக்காமல் விட்டால்தான் அவர் மனம் அடித்துக்கொண்டிருக்கும். ‘தொட வேண்டாம்’ என்ற சொல்லைக் கையால் தடவிப் பார்க்காதே என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வழிபாட்டை அதில் யாரும் சேர்க்கவில்லை.

கறையை அணுகிய விதம்

ஓவியர் மாலையில்தான் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று ஒருவர் கிளம்பியதைத் தடுத்தது முதல் நல்ல காரியம். ஈரத்தில் துடைத்தால் சிவப்பு பரவும். நெற்றியின் மெல்லிய மேல்பூச்சும் கூடவே வந்துவிடும். டர்பன்டைன் எடுப்பதும் ஆபத்து, ஒரு மாத வண்ணத்தை அது கரைத்துவிடும். அப்படியே விடுவதும் சரியில்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரப்பொருளைச் சேர்த்துச் சிவக்க வைத்துத்தான் குங்குமம் செய்கிறார்கள். காரம் எண்ணெய்ப் படலத்தை அரிக்கும். கடைக் குங்குமங்களில் சாயமும் சேர்ந்திருக்கும்.

வழிபாடு முழுவதும் முடிந்து வீட்டார் அனுமதி தந்த பிறகு படத்தை இறக்கினார்கள். சந்தனம் நன்றாகக் காயும்வரை படுக்க வைத்தார். காய்ந்ததும் அது பாளம் பாளமாக விட்டது. மென்மையான தூரிகையால் தட்டி எடுத்தார். பிறகு காய்ச்சி வடித்த நீரில் தொட்டுப் பிழிந்த பஞ்சுக்குச்சியை நெற்றியின் மேல் தேய்க்காமல் உருட்டினார். ஒவ்வொரு உருட்டலுக்கும் புதுப் பஞ்சு. பஞ்சில் சிவப்பு மட்டும் வருகிறதா, பழுப்பும் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பார்த்தார். பழுப்பின் சாயல் தெரிந்த நொடியில் நிறுத்திவிட்டார். நெற்றியின் நடுவில், தீட்டிய குங்குமத்துக்குச் சற்று மேலே, இளஞ்சிவப்பு நிழல் ஒன்று மிஞ்சியது. உடனே அதன் மேல் வண்ணம் வைத்து மூடலாம் என்ற யோசனையையும் தள்ளிவைத்தார். படம் இறுகிய பிறகு, அடியில் மெல்லிய வார்னிஷ் படலம் போட்டு அதன் மேல் திருத்தினால், பின்னால் யாராவது அந்தத் திருத்தத்தை எடுக்க நேர்ந்தாலும் மூலப்படம் பத்திரமாக இருக்கும்.

ஓராண்டில் நடந்தவை

படைப்பு முடிந்து வீடு பூட்டப்பட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று படத்தை உள்ளறை ஒன்றில், துணி போர்த்தி வைத்துவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்துத் திறந்தபோது முகமும் சேலையின் வெளிர்ப் பகுதிகளும் மஞ்சளித்திருந்தன. வீட்டார் பதறினார்கள். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும், வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளியும் என்று ஓவியர் விளக்கி, வெயில் நேராக விழாத ஜன்னலருகே சில வாரங்கள் வைக்கச் சொன்னார். தெளிந்தது.

அடுத்த மாசிக்கு முன்பு இறுதி வார்னிஷ் பூசி, நெற்றித் திருத்தமும் முடிந்தது. எங்கே என்று தெரிந்து பார்ப்பவர்களுக்கு, பக்கவாட்டு வெளிச்சத்தில், அந்த இடத்தின் பளபளப்பு இம்மியளவு வேறாகத் தெரியும். வெளிச்சட்டத்தை மாற்றி, வண்ணத்தை ஒட்டாமல் கால் அங்குல இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்தினார்கள். சட்டத்தின் பின்புறம் நான்கு மூலைகளிலும் மரத்துண்டு வைத்துச் சுவரிலிருந்து விலக்கி, மற்றப் படங்களைப் போலவே சாய்த்து மாட்டியதால் மழைக்காலத்திலும் பின்னால் காற்று போகிறது. கண்ணாடியின் பிரதிபலிப்பும் அந்தச் சாய்வில் குறைந்தது. அந்த ஆண்டு படைப்பில் குங்குமம் கண்ணாடி மேல் வைக்கப்பட்டது. குத்துவிளக்கு மூன்றடி தள்ளி வைக்கப்பட்டது.

அடுத்த முறை மாறுபவை

வேலையை ஏற்கும்போதே படம் எங்கே மாட்டப்படும் என்பதோடு, அதன் முன்னால் என்னென்ன நடக்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்வது என்று ஓவியர் முடிவு செய்திருக்கிறார். மாலை, விளக்கு, சூடம், சந்தனம், குங்குமம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். படம் இறுகாத முதல் ஆண்டில் வழிபாடு வந்தால், கீழே சிறு பலகையில் பழைய புகைப்படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு வைத்து, பொட்டை அதற்கு வைக்கலாம் என்று வீட்டு மூத்த பெண்களிடமே நேரில் பேசுவார். பணம் தருகிறவர்களிடம் மட்டும் சொன்னால் செய்தி அடுப்படிவரை போய்ச் சேர்வதில்லை.

நாள் குறிப்பதும் மாறும். இந்த வேலை ஆனியில் பேசி மாசியில் முடிந்தது. மழை மாதங்களைக் கழித்தால் காய்வதற்கு மிஞ்சியது மிகக் குறைவு. நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி ஓராண்டாவது இருந்தால்தான் எண்ணெய் வண்ணம். இல்லையென்றால் கரிக்கோல் உருவப்படமே நல்லது என்று நானும் சொல்லிவருகிறேன். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு, படத்தை எங்கே எப்படி வைத்திருப்பது என்ற குறிப்பை எழுத்தில் தருவதும் வழக்கமாகிவிட்டது.

மிகப் பெரிய மாற்றம் குடும்பத்தார் தரப்பிலிருந்து வந்தது. ஆச்சியின் உருவப்படத்தை இப்போதே, அவரை நேரில் உட்காரவைத்துத் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். அமர்வு காலை ஒன்பதிலிருந்து, வளவில். வயதானவர் என்பதால் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடப்பார். கண்ணாடிக்கான இடைவெளியோடு சேர்த்துத்தான் இம்முறை ஆசாரியிடம் சட்டத்தின் அளவு கொடுக்கப்பட்டிருக்கிறது.